சந்தேகம் சாரின் கட்டங்கள்

சார் தேநீர் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, குனிந்து, கண்ணை அதன் விளிம்புக்கு நேராகக் கொண்டுபோகிறார். "ஏம்மா, இந்த மேஜை சன்னல் பக்கம் சாயுது, பாத்தியா?" எதிர் மேஜைப் பெண் கணினியிலிருந்து நிமிர்வதில்லை. போன வாரம் இதே மேஜை கதவுப் பக்கம் சாய்ந்தது. "ஆமா சார், சாயுது" என்று சொல்லிவிட்டால் அதோடு போகும். மறுத்தால் ஸ்கேல், கோலிக்குண்டு என்று வரிசையாக வந்து இறங்கும். அன்றைய வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

வரைபட அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சந்தேகம் சார். நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மலை, மணல்மேடு, பள்ளத்தாக்கு, பாறைச் சரிவு என்று எத்தனை வகை நிலம் இருக்கிறதென்று எண்ணிச் சொல்வது அவர் பிரிவின் வேலை. வகை கூடக் கூட, கட்டத்தின் நிறமும் அடர்ந்துகொண்டே போகும். எண்ணுவது கணினி. கணினியை நம்பாமல் இருப்பது சார்.

'சமவெளி' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கும். "வெறும் சமவெளின்னு எழுதிட்டியா? போய்ப் பாத்தியா? ஒரு பழைய ஆத்துத் தடம்கூடவா இருக்காது?" கிளம்பிவிடுவார். செருப்பெல்லாம் சேறாகத் திரும்பி வந்து, ஒன்று என்றிருந்த கட்டத்தை இரண்டாக்குவார். அடுத்த நாள் மறுபடி சந்தேகம் வந்து ஒன்றாக்குவார். எதிர் மேஜைப் பெண்ணுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எதிர்த்துப் பேசவும் அவளுக்கு வாயில்லை. சென்ற ஆண்டு அவள் கணக்கில், நாட்டிலேயே அதிக வகை நிலம் உள்ள கட்டம் என்று முதலிடத்தில் வந்து நின்றது நகரத்தின் குப்பைக் கிடங்கு. உயரத்தை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோளுக்குக் குப்பை என்ன, கருங்கல் என்ன? சிகரம், சரிவு, பள்ளம், குட்டை எல்லாம் அங்கே அமோகமாக இருந்தன. அச்சுக்குப் போகும் முன் சார் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்தபடி திரும்பினார். "மலைன்னு போட்டியேம்மா, ஏறிப் பாத்தேன். கால் உள்ள போயிடுச்சு."

அன்றிலிருந்து எல்லாக் கட்டமும் அவருக்குக் குப்பைமேடுதான். அவளுக்கோ வரைபடம் முடிந்தால்தான் மாற்றல். கணவனும் குழந்தையும் வேறு ஊரில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு விடுமுறை போய் வருகிறாள். முன்பெல்லாம் அவள் கிளம்பும்போது குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழும். இப்போது பொம்மையைக் கீழே வைக்காமலே டாட்டா காட்டுகிறது. அந்த டாட்டாவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்று கடைசிக் கட்டமும் சரியென்றாகிவிட்டது. வரைபடத்தை விரித்து வைத்தாள். சார் பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொடும் நேரத்தில் கை நின்றது.

"ஏம்மா, மொத்தக் கட்டத்தையும் அரைக்கட்டம் கிழக்கே நகர்த்தி வெச்சு எண்ணினா, நம்பரெல்லாம் மாறிடாது?"

"மாறும் சார்."

"அப்ப எது சரி?"

அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. "எதுவும் முழுசா சரி கெடையாது சார். எங்க கோடு போட்டாலும் ஏதாவது ஒரு மலை ரெண்டா வெட்டுப்படும். அதுக்காக எத்தன நாள்தான் உக்காந்திருக்கறது? மலைக்கு ஒண்ணும் ஆகாது. அது அங்கயேதான் நிக்கும். என் பொண்ணுதான் என்னை மறந்துகிட்டு இருக்கா."

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். வழக்கம்போலப் பேனாவை மூடிவைக்க மூடியைத் தேடினார். மூடி அவள் கைக்குள் இருந்தது. ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அவள் தன் மாற்றல் தாளையும் முன்னே நகர்த்தினாள்.

அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடிக்காகக் கையை நீட்டினார்.