கோடிங்க காட்டப் போனா பட்டன் வந்து நிக்குது

வெப் பேஜ்ல எதை வேணா காட்டிடலாம், HTML கோடிங்க மட்டும் காட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் பேஜாரு! நீங்களும் நெட்ல பாடம் போடற ஆளா? வாங்க, சேந்து அழலாம். நான் திண்டிவனத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டீச்சரு, ஜெராக்ஸும் நான்தான். நடுவுல எழுந்து போவேன், கண்டுக்காதீங்க.

அழுத்தினா ஒண்ணும் வரல

கோட்டக்குப்பம் ஷமீமாவால வாரத்துக்கு ஒரு நாள்தான் கிளாஸுக்கு வர முடியும். வீட்டுல அண்ணன் துபாய்லருந்து கொண்டாந்த லேப்டாப் இருக்குது. சனிக்கிழமை பிராக்டிகல், பாஸானா அவங்க ஊரு பிரவுசிங் சென்டர்ல வேலை ரெடி. அவளுக்காகவே பாடத்த நெட்ல ஏத்தினேன். "பட்டன் செய்ய இத டைப் பண்ணுங்க"ன்னு எழுதி, கீழ கோடிங்க ஒட்டினேன். பிரவுசர் அத எழுத்தா காட்டுமா? கட்டளைன்னு நெனச்சு நெசமாவே பட்டன் செஞ்சு வெச்சிடுச்சு! ஷமீமா போன் பண்ணா.

"அக்கா, கோடிங்க காணோம். பட்டன்தான் நிக்குது. அழுத்திக்கினே இருக்கேன், ஒண்ணும் வரல."

பாடம் ஓடிப்போச்சு

அடுத்து, எழுத்த ஓட வைக்கிற மார்க்கீ பாடம். இதோட முடியுதுன்னு சொல்ற மூடற டேக மறந்துட்டேன். அதுக்குக் கீழ இருந்த பாடம் மொத்தமும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஓனர் ஆரோக்கியதாஸ் சார் எட்டிப் பாத்தாரு.

"ஏம்மா, பாடம் விழுப்புரத்துக்கே போய்க்கினு இருக்குது, நீ இன்னும் இங்கயே உக்காந்திருக்க?"

இருங்க, ஒருத்தர் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு நிக்கிறாரு... ஆங், வந்துட்டேன்.

கெடச்சிடுச்சு!

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விஷயம் புரிஞ்சுது. டேக் ஆரம்பிக்கிற கூரான குறிக்குப் பதிலா <ன்னு அடிச்சா, பிரவுசர் வாய மூடிக்கினு குறிய மட்டும் காட்டுது. குதிச்சேன்! எல்லாத்தையும் ஜல்தியா மாத்திட்டு ஷமீமாவுக்குப் போன் போட்டேன். விடிஞ்சா எக்ஸாம், இனிமே எப்ப படிப்பன்னு கேட்டேன். அவ சிரிக்கிறா! பேஜ்ல ரைட் கிளிக் பண்ணி 'வியூ சோர்ஸ்' பாத்திருக்கா. பிரவுசர் முழுங்கின கோடிங் மொத்தமும் அங்க இருந்துச்சாம். எது பட்டன் ஆச்சு, எது ஓடுதுன்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்திருக்கா. மறுநாள் பாஸு, வேலையும் கெடச்சிடுச்சு! ஸ்வீட்டோட வந்து நின்னா.

"நீங்க ஒழுங்கா போட்டிருந்தா காப்பி பண்ணிட்டுப் போயிருப்பேன்கா. தப்பா போட்டதாலதான் படிச்சேன்."

பிரவுசர் சாமி, நீ முழுங்கின ஒவ்வொரு டேகுக்கும் கோடி நன்றி, ஆனா அடுத்த பேட்ச்சுக்கு நான் <தான் போடுவேன்.