ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி

வேண்டாத சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் வேண்டாத பிள்ளைகளையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எட்டு வயதில் நான் நம்பினேன். யாரோ சும்மா பயமுறுத்தியதை நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழியை யார் மீதும் போட முடியாது. நானே உட்கார்ந்து, ஆதாரங்களைத் திரட்டி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்து, சொந்த முயற்சியில் அந்த முடிவுக்கு வந்தேன். முட்டாள்தனத்துக்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டியிருக்கிறது.

போன மாதம் அடையாறு வீட்டில் பழைய சோபா, ஓடாத வாஷிங் மெஷின், கால் உடைந்த கட்டில் எல்லாவற்றையும் எடுத்துப்போக ஓர் ஆளை வரச் சொன்னேன். வந்தவர் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு தொகை சொன்னார். பரவாயில்லையே, சோபாவுக்கு இவ்வளவு தருகிறாரே என்று நான் மனதுக்குள் குதித்துக்கொண்டிருக்கும்போது, சமையலறையிலிருந்து என் மனைவி, "அவர் தர்றதில்ல, நாம தர வேண்டியது" என்று குரல் கொடுத்தாள். ஐம்பதைத் தாண்டியவன், தலையில் இருக்கிற நாலு முடியும் நரைத்தவன், சட்டென்று எட்டு வயதுக்குப் போய் கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். இந்தப் பயம் பழையது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

அப்போது நாங்கள் சாந்தோமில், பங்குக்கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவும் நானும் தவிர, அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். அவருடைய ராஜ்ஜியம் பின்னறை. தொழில் என்ன என்று கேட்டால் ரேடியோ ரிப்பேர் என்பார். ரேடியோக்கள் வந்தது உண்மை. திரும்பிப் போனது அபூர்வம். கொடுத்தவர்கள் ஆறு மாதம் அலைந்துவிட்டு, "நீங்களே வச்சுக்குங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த மரப்பெட்டி ரேடியோக்கள், கதவு வைத்த டிவிப் பெட்டிகள், தலை தொங்கிய மேசை விசிறிகள், கோயில் திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் என்று அறை முழுக்கச் சாமான். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அளவுக்கு மெத்தை. அதில் சித்தப்பா. என்னை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் என் ஜோக்குகளுக்குச் சிரிக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

இனி என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். எங்கள் சந்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் வருவார். துருப்பிடித்த கீல், உடைந்த பூட்டு, எதைக் கொடுத்தாலும் கை நிறையப் பழம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற அம்மாளும் வருவார். அப்பாவின் பேண்ட்டுகள் தூக்குச்சட்டியாக மாறியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். தி.நகரில் பாத்திரக்கடைக்குப் போனால் அம்மா பித்தளைக் குடத்தைக் கொடுத்துவிட்டுப் புது குக்கரோடு வருவாள். ஆக, உலகம் எப்படி நடக்கிறது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. புதுசு வேண்டும் என்றால் பழசைக் கொடுக்க வேண்டும்.

இந்த ஞானம் எனக்கு முற்றியிருந்த நேரத்தில்தான் அம்மாவின் வயிறு பெரிதாக ஆரம்பித்தது. புதுசா ஒரு பாப்பா வரப்போகிறது என்றார்கள். எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கோ கேள்வி ஒன்றே ஒன்றுதான். சரி, எதைக் கொடுக்கப் போகிறார்கள்?

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைத்தது. பூசை முடிந்து அத்தை வந்திருந்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அவர் வாயைத் திறந்தால் அப்பாவே வகுப்பில் எழுந்து நிற்கிற பையன் மாதிரி ஆகிவிடுவார். சித்தப்பா வெளியே போயிருந்தார். நான் கூடத்தில் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, தூங்குவது மாதிரி கண்ணை மூடிக் கிடந்தேன்.

"எத்தனை நாளைக்குடா வெச்சு சோறு போடப்போற?" என்றார் அத்தை. "குழந்தை வேற வருது. இடத்தை அடைச்சுக்கிட்டு, ஒரு வேலைக்கும் ஆகாம..."

நான் மெதுவாகக் காலை மடக்கிக்கொண்டேன். முடிந்த அளவு இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். எதையாவது சொல்லக் கஷ்டப்பட்டால் அவர் அப்படிச் செருமுவார். "நான் வளர்த்த பிள்ளைக்கா. எப்படி மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்றது?"

"அந்த ரூமைக் காலி பண்ணு முதல்ல. எல்லாத்தையும் வண்டியில ஏத்தி அனுப்பு. மத்தது தானா நடக்கும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். எப்படியாவது சொல்லிடறேன்."

அம்மா மட்டும், "பாவங்க" என்றாள்.

பாவங்க! என் அம்மா! அவ்வளவுதானா? அழுது புரள வேண்டாமா? சரி, அவளுக்குத்தான் புதுசு வருகிறதே.

எல்லாம் பொருந்தியது. ஒரு வேலைக்கும் ஆகாதவன் யார்? அந்த வாரம்தான் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கி, அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டியிருந்தேன். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தவன் யார்? அப்பா வளர்த்த பிள்ளை யார்? ஒரு துப்பறியும் நிபுணருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த வாரம் முழுக்க நான் வேலைக்கு ஆகிற பிள்ளையாக மாற முயன்றேன். கேட்காமலே அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். சாயங்காலம் ஜெபமாலைக்கு முதல் ஆளாக முட்டி போட்டேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டை அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தமாக மனப்பாடம் செய்தேன். சோற்றுச் செலவைக் குறைக்கலாம் என்று பாதித் தட்டோடு எழுந்தேன். அம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தாள். மறுநாளும் பாதித் தட்டு. மறுநாளும் ஓமத்தண்ணி. அனுப்புவதற்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்து அதையும் குடித்தேன்.

சனிக்கிழமை தாங்க முடியவில்லை. பின்னறைக்குப் போனேன். சித்தப்பா ஏதோ ஒரு பெட்டியின் வயிற்றுக்குள் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயப்புகை மணந்தது.

"சித்தப்பா, நாளைக்கு வர்ற வண்டிக்காரன் என்னை எடுத்துக்கினா, எங்க கொண்டு போவான்?"

"இன்னாடா நைனா, ஜுரமா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. சிரிக்க ஓர் ஆள் எதிரில் இருந்தால் அழுகையை ஒத்திப் போட்டுவிட்டு வித்தை காட்டத் தொடங்கிவிடுவேன். கூடத்தில் கேட்ட பேச்சை அப்படியே நடித்துக் காட்டினேன். அத்தை மாதிரி முந்தானையை இழுத்துச் செருகி, மூக்கை விடைத்து, "எத்தனை நாளைக்குடா வெச்சு சோறு போடப்போற?" என்று இழுத்தேன். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இன்னும் ஏற்றினேன். இடத்தை அடைச்சுக்கிட்டு, ஒரு வேலைக்கும் ஆகாம. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. கடைசியாக அப்பா மாதிரி தொண்டையைச் செருமி, "நான் வளர்த்த பிள்ளைக்கா. எப்படி மூஞ்சிக்கு நேரா போன்னு சொல்றது?" என்றேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. என் நடிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

"இன்னொரு தபா சொல்லு," என்றார். "உங்கப்பா சொன்னத மட்டும்."

இந்தத் தடவை செருமலைக் கூடுதலாகப் போட்டுச் சொன்னேன். அவர் பற்றவைக்கும் கம்பியை அதன் தாங்கியில் வைத்தார். ஸ்விட்சை அணைத்தார்.

"உன்ன இல்லடா நைனா," என்றார் பிறகு. "உன்னயெல்லாம் எவன் எடுப்பான்? காசு குடுத்தாகூட எடுக்க மாட்டான்."

"அப்ப யாரை?"

"சாமானத்தான். பழைய சாமான்."

பெரியவர் ஒருவர் உத்தரவாதம் கொடுத்தாகிவிட்டது. அன்று ராத்திரி தட்டு நிறையச் சாப்பிட்டேன். ஓமத்தண்ணி வேலை செய்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தபோது, வாசலில் மீன்பாடி வண்டி நின்றது. முன்னால் பலகையும் மூன்று சக்கரமுமாக, மிதித்துக்கொண்டு போகிற வண்டி. வண்டிக்காரர் பின்னறையை ஒரு சுற்று பார்த்துவிட்டுத் துண்டை உதறினார். அப்பா கணக்கு வாத்தியார். எவ்வளவு தேறும் என்று முந்தின நாளே மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"நீ எவ்வளவு தருவ?"

"நானா? சார், நீதான் சார் தரணும்."

"என் சாமானை எடுத்துட்டுப் போறதுக்கு நான் காசு தரணுமா?"

"இன்னா சார் சாமான் இது? பாதி மரம், பாதி கண்ணாடி. பிரிச்சுப் போட்டா மண்ணாங்கட்டிக்கும் ஆவாது. இரும்புன்னா எடை போட்டு எடுத்துக்கினு போவேன். இத்த கிண்டி குடோன் வரைக்கும் மிதிக்கணும். ஏத்துக்கூலி, எறக்குக்கூலி தனி. கூட ஒரு ஆள் வோணும்."

என் ஆராய்ச்சியில் இந்தப் பிரிவே இல்லை. பேரீச்சம்பழம் கிடைக்கிற சாமான் தெரியும், பாத்திரம் கிடைக்கிற சாமான் தெரியும். காசும் கொடுத்து, கும்பிட்டு அனுப்புகிற சாமான் என்று ஒன்று இருக்கிறதா? காசு குடுத்தாகூட எடுக்க மாட்டான் என்று சித்தப்பா சொன்னாரே. இதோ, காசு கொடுத்தால் எடுக்கிறவன் வந்து நிற்கிறானே! அந்த நேரம் பார்த்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இன்னா சார், இத்தையும் சேத்து ஏத்திடவா?" என்றார்.

ஓட்டமாக ஓடிக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். ஆகவே மீதியை நான் காதால்தான் பார்த்தேன். பேரம் நீண்டது. அப்பாவின் குரல் ஏறியது. வண்டிக்காரர் சிரித்தார். நடுவில் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"ஆள் வேணாம்ண்ணே. நான் கூடப் போறேன். ஏத்து எறக்கு நானே பாத்துக்கறேன்."

"அண்ணாத்த வந்தா ஆள்கூலியக் கழிச்சிக்கோ சார்," என்றார் வண்டிக்காரர் உடனே.

பெட்டிகள் உரசி உரசிப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கடைசியில் சித்தப்பா குளியலறைக் கதவைத் தட்டினார்.

"நைனா, வெளிய வா. வண்டி கெளம்புது."

"போயிடுச்சான்னு பாத்துட்டுச் சொல்லு."

"நான் போனாதான்டா அது போகும்."

"அப்ப சீக்கிரம் போ!" என்றேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. அது என் நல்ல ஜோக்குகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும் வெளியே வந்தேன். பின்னறை எவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. ஓடினேன், உருண்டேன், கத்தி எதிரொலி கேட்டேன். அப்பா கை கழுவிக்கொண்டே அம்மாவிடம், ஆள்கூலியை மிச்சம் பிடித்த சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையன் முகம் அவருக்கு. வீட்டில் ஆட்டுக்கறி மணந்தது. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் கறி எடுத்து நான் பார்த்ததில்லை. தப்பிப் பிழைத்ததற்கு எனக்குத்தான் விருந்து என்று நினைத்தேன்.

சித்தப்பா சாப்பிட வரவில்லை. மெத்தையும் வண்டியோடு போயிருந்தது, அவருடைய தகரப்பெட்டியும். வடபழனியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற நண்பர் ஒருவரோடு தங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு விருந்தாளி மாதிரி வருவார். வந்தவருக்கு அம்மா நாற்காலியை நகர்த்திப் போடுவாள். பின்னறையில் என் தங்கை வளர்ந்தாள். மூஞ்சிக்கு நேராகச் சொல்ல அப்பாவுக்கு எப்படித்தான் தைரியம் வந்தது என்று, வயது ஏறின பிறகு நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அப்பா காலமான பிறகு ஒரு நாள் அம்மாவிடம் அதைக் கேட்டேன். அம்மா சொன்னாள். அந்த வாரம் முழுக்க அப்பா கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாராம். வெறும் வயிற்றோடு இருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது, சாமானை அனுப்பிவிட்டு, அவன் வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்று கறி எடுக்கச் சொன்னாராம்.

அதுவரை அப்பா சித்தப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.