ராஜாவின் கடிதமும் ஆட்டுக்காரக் கிழவியும்

வாளும் மந்திரமும் உள்ள வீடியோ கேம் ஒன்றைப் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்டால், நான் மூன்று விஷயம் சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் விளையாடியதைப் பார்த்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

முதலாவது, அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பி.எட். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என் மனைவிக்காக வாங்கியது. ஒரே வாரத்தில் அது என்னுடையதாகிவிட்டது. அலுவலக நண்பர் கொடுத்த சிடியில்தான் இந்த கேம் இருந்தது.

கதை சின்னது. ராஜாவின் மகளை ஒரு மந்திரவாதி கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கிறான். ராஜா நம் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறார். அதை வடக்கே இருக்கும் கோட்டைத் தளபதியிடம் சேர்த்தால் படை கிளம்பும், பெண் மீண்டு வருவாள். போகிற வழியெல்லாம் ஊர்கள். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். மூலையில் இருக்கும் பெட்டியிலும் பானையிலும்தான் கத்தி, கவசம், மருந்து எல்லாம் வைத்திருப்பார்கள்.

நானோ போன இடத்தில் ஒரு பொருளைத் தொட்டால் முதுகில் விழும் என்று வளர்ந்தவன். ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையாக நுழைந்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, ஒன்றையும் தொடாமல் வெளியே வந்தேன். விறகுக் கட்டையை வைத்துக்கொண்டே ஓநாய்களோடு சண்டை போட்டேன். எத்தனை முறை செத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் திரையைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இன்னா சார், இன்னும் கட்டையவே வச்சிக்கினு சுத்துறீங்க? பொட்டி எதுவும் தொறக்கலையா?"

"அது அவங்க பொட்டி சார்."

மறுநாள் மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் என் முன்னால் யாரும் டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை. சார்தான் திறக்க மாட்டாரே என்றார்கள்.

இரண்டாவது விஷயம், அடிக்கடி சேவ் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் மின்சாரம் போகிற அழகுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், அதில்தான் நான் தேறவே இல்லை. இந்த கேமில் வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது வேலை சொல்வார்கள். கிழவிக்கு ஆட்டைத் தேடித் தர வேண்டும். கொல்லருக்கு இரும்பு வேண்டும். சிப்பாய்க்கு மோதிரம் தொலைந்திருக்கும். 'சரி', 'முடியாது' என்று கீழே இரண்டு பொத்தான்கள் வரும். 'முடியாது' எதற்காக வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஒரு வயதானவள் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? நாற்பது வேலைகளை ஏற்றுக்கொண்டு தெற்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கிழவியின் ஆடு மூன்று முறை காணாமல் போனது, மூன்று முறையும் நானே தேடிக் கொடுத்தேன்.

வெளியிலும் என் பிழைப்பு அதுதான். திண்டிவனத்தில் ஒரு விதைக் கிடங்கில் வேலை, தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். "திண்டிவனந்தானே போற?" என்று யார் ஆரம்பித்தாலும் என் தலை தானாக ஆடிவிடும். மாடி வீட்டு அக்காவின் ஜாக்கெட், கோலியனூர் மாமாவின் மோட்டார் பம்புக்கு வாஷர், எதிர்வீட்டுக்காரரின் கண்ணாடி எல்லாம் என் பையில்தான் பயணம் செய்தன. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போதுதான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மனைவி இரண்டு வருஷமாகக் காத்திருந்த வேலை. விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவளால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் கவரை என் கையில் கொடுத்தாள்.

"ஸ்டேஷன்லேர்ந்து பத்து நிமிஷம் நடக்கணும், அவ்ளோதான். மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. அதுதான் வேடிக்கை. தினமும் பையைத் திறக்கும்போதெல்லாம் கவரைப் பார்த்தேன். நம் வீட்டு வேலைதானே, பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்தவர் வேலையைத் தள்ளிப்போட்டால் ஏதாவது சொல்வார்கள். வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? திங்கள் ஜாக்கெட், செவ்வாய் வாஷர், புதன் கண்ணாடி. வியாழன் என்ன என்று இப்போது நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளியனூர்ப் பெரியம்மா போன் செய்தார். "விதை மல்லாட்டை ஒரு மூட்டை கொண்டாந்து போட்டுட்டுப் போய்டுடா, மழ வர்றதுக்குள்ள வெதைக்கணும்." மதியம் லீவு போட்டு வேர்க்கடலை மூட்டையோடு பஸ் ஏறினேன். பெரியம்மா சாப்பிடாமல் விடவில்லை. இன்னும் கொஞ்சம் என்றபோதும் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் பஸ்ஸும் வருவேனா என்றது. பள்ளிக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருபது.

"நாலு மணிக்கே லிஸ்ட்டு மேல போயிடுச்சி சார்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கெஞ்சினேன். அவர் பாவம், நாற்காலியைக்கூடப் போட்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

ரயிலில் மூன்று பொய்களைத் தயார் செய்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கதவைத் திறந்தவள் என் கையில் இருந்த கவரைப் பார்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூட்டை போய்ச் சேந்துச்சா?" என்றாள்.

"சேந்துச்சி."

"சரி" என்று மகளுக்கு வேப்பிலை போடப் போய்விட்டாள். அன்றைக்குப் பட்ட அவமானம் எனக்கு இன்றும் போகவில்லை.

மறுவருஷம் வேறொரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விண்ணப்பத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வருஷம் போனது போனதுதான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அடுத்த மே மாத விடுமுறையில் ஒரு பிற்பகல் அவள் என் கேமைத் திறந்தாள். நான் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்தேன். கதாநாயகனின் பையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஆட்டு மணி, கொல்லரின் இரும்பு, யாருடையதோ செருப்பு. கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், முத்திரை உடையாத ராஜாவின் கடிதம்.

அம்புக்குறியை அதன் மேல் நிறுத்தினாள்.

"இதுவும் பையிலயேதான் கெடக்குதா?"

"நவுருங்க" என்று நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் வீட்டிலேயே நான் தொடாமல் விட்டிருந்த பெட்டியைத் திறந்து வாளை எடுத்தாள், நேராக வடக்கே நடந்தாள். வழியில் கிழவி ஆட்டைக் காணோம் என்று அழுதாள். இவள் 'முடியாது' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். கோட்டைக் கதவு திறந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகியிருந்தது.