ஓடி ஒளிந்த தூசி

வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, பால் விடாத சூடான தேநீரான சாயத்தண்ணியில் இரண்டு தரம் கொப்பளித்துவிட்டு, ராக்காயி எதிரே குந்தியிருக்கும் வீரம்மாவின் இமையைக் கட்டைவிரலால் தூக்குகிறாள். இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் கண்ணில் தூசி விழுந்தாலும் ராக்காயியிடம்தான் வருவார்கள். நாக்கு நுனியால் ஒரே தடவல், வந்துவிடும். அதை உள்ளங்கையில் வைத்து, "இந்தா ஒன் சாமான், பத்திரமா வச்சுக்க" என்று நீட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எந்தக் கண்ணிலும் எதையும் மிச்சம் வைத்ததில்லை என்று ஒரு தலைக்கனம். அட, இருந்துவிட்டுப் போகட்டுமே!

அந்தத் தலைக்கனம் இறங்கியது சென்ற கவ்வாத்துக் காலத்தில். தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டு வந்த அவள் தம்பி கந்தப்பன், லயத்துக்குப் பின்னால் ஆடுகளுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் ஏதோ சுரீரென்று பட்டது. கவ்வாத்து வெட்டுகிறவன் கண்ணில் விழுவது சிராய்தானே? ராக்காயியும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு நாள் நாக்கால் துழாவினாள். ஒன்றும் வரவில்லை. கண் சிவந்து வீங்கியது.

"அக்கா, உள்ள என்னமோ ஊருதுக்கா. கண்ணு போயிருமா? அப்புறம் எப்புடிக் கத்தி புடிக்கிறது?"

மூன்றாம் நாள் காலை அவனை வெயிலுக்கு நேரே நிறுத்தி இமையைப் புரட்டினாள். வெள்ளையாக, கடுகில் பாதி. வெளிச்சம் பட்டதும் அது நெளிந்து உள்ளே ஓடி ஒளிந்தது.

"அடியாத்தே, உசுரோட இருக்குடா!" அலறிக்கொண்டே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துப் போனாள்.

மருந்துக்காரர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். மரத்துப்போக மருந்து விட்டு, முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பதினொரு புழு.

"ஆட்டு மூக்கிலை புழு விடுற ஈ இது. பறந்துகொண்டே கண்ணுக்கை விட்டிட்டுப் போட்டுது. புழு கொக்கியாலை கொளுவிப் பிடிக்கும், நாக்குக்கு வராது. இனி முதல்லை வெளிச்சத்திலை பார், பிள்ளை. அசைஞ்சா இங்கை கூட்டிவா."

கந்தப்பனின் கண் தப்பியது. இப்போது கத்தியும் பிடிக்கிறான், அக்காளைக் கேலியும் செய்கிறான். ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் அவள் இன்றும் "எந்தம்பி கண்ண நானே புழுவுக்குக் குடுத்திருப்பேனே" என்று புலம்புவாள்.

வீரம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். இருந்தும் பொறுமையில்லை. "சீக்கிரம் எடுங்கக்கா, கொழுந்துக்குப் போகணும். கங்காணி ஏசுவாரு."

"இருடி."

ராக்காயி அவள் முகத்தைச் சூரியனுக்குத் திருப்பிப் பிடிக்கிறாள். கண்ணோரத்தில் ஒரு புள்ளி. கொப்பளித்த வாய் தயாராகத்தான் இருக்கிறது. அது அசைகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறாள். நாக்கு இன்னும் பல்லுக்குள்ளேயே இருக்கிறது.