கயிறு கட்டிய மண் மூட்டைகள்

காரில் பனி சுரண்டப் போவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. தர்மலிங்கம் அண்ணையின் மகள். “அங்கிள், அப்பா விடிய மாரடைப்பிலை போயிட்டார்.” ஒற்றைச் சப்பாத்தோடு அரைமணி நேரம் நின்றேன்.

அண்ணைக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை. நவம்பர் பிறந்தாலோ டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்துக் கார் நிறுத்துமிடத்தின் சக்கரவர்த்தி. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் பனியே ரொறன்ரோவுக்குள் நுழையும். பற்றறி பார்ப்பார், ரேடியேற்றர்த் தண்ணீர் உறையாமல் மருந்து ஊற்றுவார், பனி ரயர் பூட்டுவார், போர்வையும் மண்வாரியும் வைப்பார். கடைசியாக, பின்சில்லு வழுக்காமலிருக்கப் பாரத்துக்குப் பின்பெட்டியில் இரண்டு மண் மூட்டை. கூலி ஒரு தேத்தண்ணி.

“என்ன அண்ணை, ஊரிலை ஷெல்லுக்கும் மண் மூட்டை, இஞ்சை ஸ்னோவுக்கும் மண் மூட்டையோ?” என்று கேட்டு நின்றவர்களைச் சிரிக்கவைத்தேன். அவர் நிமிரவில்லை. “ரெண்டும் சொல்லிப்போட்டு வராது, தம்பி.”

இனி எழுதுவதில் மிகையில்லை. என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டீர்கள். இந்த ஒருமுறை நம்புங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பனிக்காலத்தில், மச்சாளின் கலியாணத்துக்குப் போகும் வழியில் என் கார் சறுக்கிச் சுற்றி மதிலில் மோதியது. மனைவியின் கை முறிந்தது. பதினேழு சுற்று என்று உங்களுக்குச் சொல்லியிருப்பேன், உண்மையில் ஒன்று. “அண்ணை வைச்ச மூட்டை உருண்டுதான் கார் சுத்தினது” என்று பிறகு கலியாண மண்டபம் முழுக்கச் சொன்னதும் நான்தான். ஆனால் மூட்டை காரிலேயே இருக்கவில்லை. பலகாரப் பெட்டிகளுக்கு இடம் காணாமல் காலையில் இரண்டையும் இறக்கிவைத்தவன் நான். இதை வாசிக்கும்போதுதான் மனைவிக்கும் தெரியவரும்.

அடுத்த நவம்பரில் அண்ணை மண்வாரியோடு கீழே நின்றார். ஒரு காரும் வரவில்லை. என் கதவைத் தட்டினார்.

“தம்பி, மூட்டையை நான் நடுவிலைதானே வைச்சனான்?”

“ஓம் அண்ணை. எண்டாலும் உருண்டிட்டுது.”

“அப்ப கட்டியிருக்கவேணும். என்ரை பிழைதான்.”

ஆயிரம் கதை அளக்கிற இந்த வாய்க்கு அன்று உண்மையான ஒரு வசனம் வரவில்லை.

செத்தவீட்டன்று, மாலைகளை ஏற்றுவதற்காக மகள் அவருடைய காரின் பின்பெட்டியைத் திறந்தா. உள்ளே இரண்டு மூட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு சுற்றுக் கயிறு போட்டு, இறுக்கி முடிந்து, கொளுக்கியில் மாட்டியிருந்தது. “உங்கடை அக்சிடன்ருக்குப் பிறகு அப்பா உந்த மூட்டையைக் கட்டாமல் காரை எடுக்கமாட்டார், அங்கிள்.”

அந்த இடத்திலேயே அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஒரு மூட்டையைக் கயிற்றோடு கழற்றி என் கையில் வைத்தா. நல்ல பாரம்.

அது இப்போது என் காரில் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அண்ணை வைத்த மூட்டை ஒருநாளும் உருளவில்லை. என் பொய்யைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.