மீசையை அளந்த நாட்கள்

மீசைக்கு மை பூசிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வளைகுடாப் போர் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். இன்று காலையும் அந்த அமோனியா வாடை மூக்கில் ஏறியதும், நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் நானும் ரமணியும் சேர்ந்து குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்றொன்று, ஜனவரி. ரமணியும் நானும் ஒரே ஆபீஸில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் அண்ணனுக்கு குவைத்தில் ஒரு கடையில் வேலை. முந்தின வருஷம் ஆகஸ்டில் பக்கத்து நாட்டு ராணுவம் உள்ளே புகுந்ததிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்த ராணுவத்தை விரட்ட அமெரிக்கா குண்டு போடத் தொடங்கியதும் ரமணி சாப்பாட்டை விட்டான், டிவியைப் பிடித்துக்கொண்டான்.

டிவியில் அமெரிக்கா தினமும் ஜெயித்தது. எதிர்த்தரப்பு ரேடியோவில் அவர்களும் தினமும் ஜெயித்தார்கள். இரண்டாம் நாளே இரு தரப்பும் வென்றாகிவிட்டது. போருக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

மாடி வீட்டில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தனியாக இருந்தார். தோல் வைத்தியர், அறுபது வயது தாண்டியவர். ஒரு சாயங்காலம் ரசச் சட்டியோடு இறங்கி வந்தவர், திரையில் அந்தப் பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரியைப் பார்த்ததும் நின்றார்.

"தம்பி, மீசையின்ர வேரைப் பாருங்கோ. நரை தெரியுது. ஆளுக்கு டை அடிக்கக்கூட ஏலாமல் போச்சுது. இன்னும் கொஞ்ச நாள்தான்."

ரமணி நிமிர்ந்தான். "நிஜமாவா டாக்டர்?"

"தோல் டாக்டர் சொல்லுறன். முதல்ல சாப்பிடுங்கோ."

சாப்பிட்டான். மறுநாளிலிருந்து சர்வாதிகாரி தோன்றும்போதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி, படத்தை நிறுத்தி, திரையில் ரூலர் வைத்து நரையை அளந்தோம். "நேத்தைவிட அரை மில்லிமீட்டர் ஜாஸ்திடா! கிழவன் வீக் ஆயிட்டான்!" என்பான் ரமணி. எம்.எஸ். படித்த நான் அதை கிராஃப் தாளில் குறித்துக்கொள்வேன். வெட்கமே இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் சர்வாதிகாரி கன்னங்கரேலென்ற மீசையோடு வந்தார். ரமணி தட்டைத் தள்ளினான்.

"டை கிடைச்சிடுச்சு டாக்டர். எல்லாம் போச்சு."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அது அவர் இல்லை. காதைப் பாருங்கோ. டூப்பு."

தட்டு திரும்பி வந்தது.

மாதக் கடைசியில் போர் நின்றது. தாங்களே வென்றதாக இரு தரப்பும் மறுபடி அறிவித்தார்கள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. யாரோ ஒரு நிருபரின் சேட்டிலைட் போனில் அண்ணனுக்கு ஒரு நிமிஷம் கிடைத்திருந்தது. அழுதுகொண்டே ரமணி கேட்டது இதுதான்: "அண்ணா, அங்க யாரு ஜெயிச்சாங்க?"

"யாருக்குடா தெரியும்? தண்ணி லாரி வந்திருக்கு, க்யூ நகருது. நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடு. வெச்சுடறேன்."

நான் மாடிக்கு ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். "எப்படி டாக்டர், போர் சீக்கிரம் முடியும்னு மீசையைப் பார்த்தே கண்டுபிடிச்சீங்க?"

"மீசையில என்ன தம்பி தெரியும்? உங்கட டிவியில முகமே வடிவாத் தெரியாது. பெடியன் சாப்பிட வேணுமெல்லே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ர தங்கச்சியும் ஊரிலதான். கடிதம் வந்து எட்டு மாசம்."

அவர் சாப்பிட்டாரா என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்டரும் இப்போது இல்லை, அந்தச் சர்வாதிகாரியும் இல்லை. போர்கள் மட்டும் கைபேசிக்குள்ளேயே வந்துவிடுகின்றன, முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிகிற துல்லியத்தில். நம்மைச் சாப்பிட வைப்பதற்காகப் பொய் சொல்ல மாடியிலிருந்து யாரும் இறங்கி வருவதில்லை.