லயத்துக்கே கேட்கச் சொன்னது

என் சித்தியின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பையன் தெரியாமல் உளறிவிட்டான் என்றுதான் வீட்டில் பேச்சு. தலை நரைக்கும்வரை நானும் அந்தச் சலுகையை அனுபவித்தேன். தெரிந்துதான் சொன்னேன்.

அம்மா சவூதியில் வீட்டு வேலையில் இருந்ததால், இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என்னை வளர்த்தது சித்தி. ஞாயிறு பகலில் அவர் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் வீட்டுக்குப் போவார். குமரிப் பெண் தனியாகப் போகக்கூடாதென்று துணைக்கு நான். டீச்சர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வீடியோ கசெட்டுகளில் ஒரு தொடர்நாடகம் ஓடும். நான்கு தோழிகள், பெண்களையே காதலிப்பவர்கள். காதல், பிரிவு, வேலை பறிபோவது என்று கதை நீளும். டீச்சர் வரிக்கு வரி தமிழில் சொல்வார்.

அன்று, பத்திரிகையில் வேலை செய்பவளுக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது. காதலியையும் கூட வரச் சொன்னாள்.

“இவ போவாளாங்க டீச்சர்?” என்றார் சித்தி.

டீச்சர் படத்தை நிறுத்தினார். “அவளை விடும். எனக்குக் கண்டிக்கு மாற்றம் வந்திட்டுது. அங்க பாலர் பள்ளியில உமக்கும் ஒரு வேலை கேட்டு வச்சிருக்கிறன். நீர் வருவீரோ?”

“வர்றேங்க.”

வேலை என்றதும் சித்தியின் அண்ணனான மாமாவும் சம்மதித்தார். புறப்படுவதற்கு முந்தின மாலை, கட்டிவைத்த பெட்டியைப் பார்த்ததும், சித்தி என்னை விட்டுப் போகிறார் என்பது உறைத்தது. ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் இடைச்சுவர்கள் கூரையை எட்டுவதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் ஆறாவது காம்பராவில் கேட்கும். இரகசியம் பேச வேண்டியவர்கள் தேயிலை மலைக்குள் போய்விடுவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“மாமா, டீச்சர் வீட்டுப் படத்துல பொம்பளையும் பொம்பளையும்தான் காதலிக்கிறாங்க. சித்தியும் டீச்சரும் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் பாப்பாங்க” என்று தொண்டை திறந்து சொன்னேன்.

பக்கத்துக் காம்பராவில் அம்மிச் சத்தம் நின்றது.

காதோடு சொல்லியிருந்தால் மாமா என்னை ஓர் அறை அறைந்து அதோடு விட்டிருப்பார். லயமே கேட்டபின் அவருக்கு வேறு வழியில்லை. பெட்டியை அவிழ்த்தார். டீச்சர் தனியாகப் போனார். மூன்றாம் மாதம் சித்தியை நோட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஆக, அவர் என்னோடும் இருக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, சித்தப்பா இறந்தபின், டீச்சரின் முகவரியைத் தேடிப் பிடித்துச் சித்தியிடம் கொண்டுபோனேன். வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

“தெரியும்டா. மெதுவாப் பேசத் தெரியாத புள்ளையா நீ?” என்றார். முகவரியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, கண்டிக்குப் போறேன்னு அம்மா போயி நாலு நாளாச்சு. எங்க இருக்காங்கன்னு தெரியுமா?”

“நல்லாத்தான் இருப்பாங்க. தேடாத” என்றேன். முகவரியைச் சொல்லவில்லை. அவன் குரலில் இருந்த பயம் எனக்குப் பழக்கமானது. ஒருத்தி நம்மை விட்டுப் போவது வேறு, தனக்கென்று ஓரிடத்துக்குப் போவது வேறு என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை. அன்று அவனுக்கும் விளங்கவில்லை.